மரம் எப்படிக் கல்லாகிறது, அதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை, விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப்போன பழங்கால மரங்கள் கிடக்கும் கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போகப்போகிறீர்கள். "மரம் எப்படி டீச்சர் கல்லாச்சு?" என்று கேட்டால் என்ன சொல்வது, போவதற்கு முன்பு வகுப்பிலேயே ஏதாவது செய்துகாட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "லட்சக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தால் மரம் மெல்ல மெல்ல இறுகிக் கல்லாகிவிடும் என்றுதான் சொல்லிவந்தேன், சரிதானே?" என்றும் ஒரு வரி. முதலில் பதில் சொல்ல வேண்டியது அந்த வரிக்குத்தான். அது சரியில்லை. அதைத் திருத்திக்கொண்டால் மற்றவை எல்லாம் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும்.

மரம் தானாக இறுகிக் கல்லாவதில்லை. எத்தனை ஆண்டு கிடந்தாலும் ஆகாது. காற்றுப் படும் இடத்தில் கிடந்தால் காளானும் கரையானும் பாக்டீரியாவும் அதைத் தின்று தீர்த்துவிடும். காற்றுப் புகாத சதுப்பில் குவிந்து, மேலே மண் ஏறி அழுத்தினால் நிலக்கரியாகும். திருவக்கரையிலிருந்து அதிகத் தொலைவில்லாத நெய்வேலியில் அதுதான் நடந்தது. இரண்டு இடத்திலும் பழங்காலத்து மரங்கள்தான். ஓரிடத்தில் பழுப்பு நிலக்கரி, இன்னோரிடத்தில் கல். காலம் மட்டுமே காரணமென்றால் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "ஏன் இப்படி?" என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம்.

வித்தியாசம் தண்ணீரில் இருக்கிறது. மணலிலும் பாறையிலும் ஊறி நகரும் நிலத்தடி நீரில் சிலிகா கரைந்திருக்கும். மணலும் வெங்கச்சாங்கல்லும் எந்தப் பொருளால் ஆனவையோ அதே பொருள்தான். நாம் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரில்கூட லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரம் ஒன்று சட்டென்று மணலுக்குள் புதைந்துபோனால், காற்றில்லாததால் அழுகல் வேகம் குறைகிறது. சிலிகா கரைந்த நீர் மரத்துக்குள் புகுகிறது. அது புகுவதற்கு மரத்திலேயே தயாராக வழி இருக்கிறது. உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரேற்றிய அதே நுண்குழாய்கள்தான், செத்த பிறகு கல் புகும் வழியாகின்றன.

உள்ளே போன சிலிகா வெறுமனே ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்காருவதில்லை. மரச்செல்லின் சுவர் செல்லுலோஸாலும் லிக்னினாலும் ஆனது. சிலிகா நீரில் கரைந்திருக்கும் வடிவத்துக்குச் சிலிசிக் அமிலம் என்று பெயர், அது அந்தச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புள்ளது. முதலில் சுவரின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது, சுவருக்குள்ளும் ஊறுகிறது, பிறகே குழாயின் வெற்றிடத்தை நிரப்புகிறது. இந்த வரிசையால்தான் மரத்தின் வடிவம் செல் செல்லாகத் தப்பிக்கிறது. சுவர் அழுகிய பிறகு சிலிகா வந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது மர வடிவில் ஒரு மொத்தைக் கல்தான். இப்படிப் படிந்தது முதலில் நீர் கலந்த, படிக ஒழுங்கில்லாத ஓபல். அது நாளடைவில் நீரை இழந்து, நுண்படிகமான கால்சிடனியாகவும், வெங்கச்சாங்கல்லில் இருக்கும் அதே குவார்ட்ஸாகவும் மாறுகிறது. சிவப்பு, மஞ்சள், பழுப்பு நிறங்கள் நீரோடு வந்த இரும்பின் வேலை. கருமை மாங்கனீசாலும் வரலாம், மிஞ்சிய கரியாலும் வரலாம்.

பழைய பாடப்புத்தகங்கள் சிலவற்றில் "மரத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு கல் மூலக்கூறால் மாற்றப்பட்டது" என்று இருக்கும். இதை அப்படியே சொல்லாதீர்கள். நிரப்புவதும் பூசுவதும்தான் பெரும்பங்கு. பல கல்மரங்களில் பழைய மரப்பொருள் சிறிதளவு இன்னும் உள்ளே மிஞ்சியிருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு ஒரு வாக்கியம் போதும்: மரம் கல்லாக மாறவில்லை, மரத்துக்குள் கல் குடியேறியது.

எவ்வளவு தண்ணீர் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். 1 கன மீட்டர் மரம் முழுவதும் கல்லாக 2 டன் சிலிகாவுக்குக் குறையாமல் வேண்டும். லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம், வந்த சிலிகா முழுவதையும் மரம் பிடித்துவைத்துக்கொண்டதாக வைத்தாலும் 10 கோடி லிட்டர் தண்ணீர் அதன் வழியாகப் போயிருக்க வேண்டும். 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் 10,000 நடை. உண்மையில் வந்ததில் ஒரு பங்குதான் படியும், ஆகவே தேவை இதைவிட அதிகம். இறுக்கமான களிமண்ணைவிட நீர் தாராளமாக நகரும் மணற்படுகையில் கல்மரம் உருவாக வாய்ப்பு ஏன் அதிகம் என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடும்.

அப்படியானால் எத்தனை ஆண்டு ஆகும்? இங்கேதான் பெரியவர்களும் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். கல்மரத்தின் வயது வேறு, மரம் கல்லாக எடுத்துக்கொண்ட காலம் வேறு. ஜப்பானில் டட்டேயாமா என்ற இடத்து வெந்நீர் ஊற்றில் மரத்துண்டுகளைப் போட்டுவைத்துப் பார்த்தார்கள். 7 ஆண்டுகளில் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சிலிகா ஏறியிருந்தது. அது சிலிகா மிகுந்த சூடான நீர், ஆகவே அந்த வேகத்தைத் திருவக்கரைக்குப் பொருத்தக்கூடாது. சாதாரண நிலத்தடி நீரில் எவ்வளவு காலம் என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. நீரின் சிலிகா அளவு, வெப்பம், காரத்தன்மை, மரத்தின் இனம் எல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒன்று உறுதி. மரம் அழுகித் தீர்வதற்குள் முதல் பூச்சு படிந்தாக வேண்டும். தொடக்கம் ஓரளவு விரைவாக நடந்தாக வேண்டும், ஓபல் குவார்ட்ஸாவது நிதானமாக நடக்கலாம். அதற்குப் பிறகு அது கல்லாகவே காத்துக் கிடந்த காலம்தான் கோடிக்கணக்கில்.

திருவக்கரையைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை: 1781இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் இந்தக் கல்மரங்களைப் பற்றிக் குறிப்பிட்டார். 1940 முதல் இந்திய புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளது, பரப்பு 247 ஏக்கர். மரங்கள் கடலூர் மணற்கல் என்ற பாறை அடுக்கில் கிடக்கின்றன, 3 முதல் 15 மீட்டர் நீளம். புளி குடும்பம், மருது குடும்பம், ஊசியிலை மரங்கள் என்று பல வகை அடையாளம் காணப்பட்டிருக்கிறது. வேரோ கிளையோ பட்டையோ இல்லாமல், படுத்த நிலையில் கிடக்கின்றன. அதனால் இவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, வெள்ளத்தில் வந்து சேர்ந்தவை என்ற முடிவு வலுவானது. வயது 2 கோடி ஆண்டுகள் என்பதை "சுமார்" என்ற சொல்லோடு சொல்லுங்கள். அது அடுக்கின் வயதை வைத்துச் சொல்லும் மதிப்பு, ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனியாக அளந்தது இல்லை. சிலிகா எங்கிருந்து வந்தது என்பதிலும் அதே நிதானம் தேவை. அமெரிக்காவில் அரிசோனாவின் கல்மரக் காட்டுக்கு எரிமலைச் சாம்பல்தான் சிலிகா கொடுத்தது என்று புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டுத் திருவக்கரையிலும் எரிமலை வெடித்தது என்று சொல்லிவிட வேண்டாம். மணலிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்தாலே சிலிகா நீரில் சேரும்.

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் நீள மரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 12 கோடி ஆண்டு என்ற எண் பரவலாகப் புழங்குகிறது. அந்த மரம் கிடக்கும் திருச்சிராப்பள்ளி அடுக்குகளை இப்போது சுமார் 9 கோடி ஆண்டு என்று கணிக்கிறார்கள். பிள்ளைகள் இரண்டு எண்ணையும் எங்காவது பார்த்துவிட்டு வந்து கேட்டால், அளவீடு திருந்திக்கொண்டே வருகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி செய்துகாட்டுவது. இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதல் கட்டம் நீர் எப்படி ஏறுகிறது என்பது. காசித்தும்பைச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணைக் கழுவி, சிவப்பு மை கலந்த நீரில் வையுங்கள். தண்டு கண்ணாடி மாதிரி இருப்பதால் சில மணி நேரத்தில் சிவப்புக் கோடுகள் ஏறுவது வெளியிலிருந்தே தெரியும். தண்டைக் குறுக்கே வெட்டினால் சிவப்புப் புள்ளிகள். "இந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்குள்ளும் மைக்குப் பதில் கல் கரைந்த தண்ணீர் போனால்?" என்று கேளுங்கள். விடை அவர்களிடமிருந்தே வரும்.

இரண்டாம் கட்டத்துக்குப் பலரும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைப் பயன்படுத்துகிறார்கள். அதைவிட நம் ஊர்ப் பீர்க்கங்கூடு நூறு மடங்கு நல்லது. காய்ந்த பீர்க்கங்காயின் உள்நார் உண்மையான தாவர நரம்புப் பின்னல். கல்மரத்தில் மிஞ்சியதும் அதுபோன்ற குழாய்ப் பின்னல்தான். 3 சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லையாக அறுத்து, ஒன்றைக் கிச்சன் தராசில் எடை போட்டு எழுதிவையுங்கள். சாதாரண நீரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள், நாருக்குள் இருக்கும் காற்று வெளியேறட்டும். மருந்துக் கடையிலோ செடி உரக் கடையிலோ எப்சம் உப்பு கிடைக்கும். 200 மில்லி வெந்நீரில் 250 கிராம் எப்சம் உப்பைக் கரையுங்கள். வெந்நீரைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், உப்பை வாயில் வைக்கவும் விடாதீர்கள், அது பேதி மருந்து. கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் வில்லையை முழுக்க அமிழ்த்தி ஒரு நாள் வையுங்கள். பிறகு எடுத்து, ஓட்டை போட்ட டப்பாவுக்குள் நிழலில் இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். இதை மூன்று நான்கு முறை திருப்பிச் செய்யுங்கள் (இரண்டாம் முறையிலிருந்து ஊறவைக்கும் விதம் மாறும், கீழே சொல்கிறேன்). ஒவ்வொரு முறையும் எடை போட்டு, தேதியோடு ஒரு பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எடை ஏறும் அந்த வரிசைதான் இந்தப் பாடத்தின் உயிர்.

தவறும் இடங்கள் சில உண்டு. அவசரப்பட்டு மொட்டை வெயிலில் காயவைத்தால் உப்பு முழுவதும் வெளிப்பக்கம் பூத்துவிடும், உள்ளே நார் அப்படியே இருக்கும். நீர் எங்கே ஆவியாகிறதோ அங்கே உப்பு இழுக்கப்படுவதுதான் காரணம். அதற்காகத்தான் நிழலும் மூடியும். இரண்டாம் முறை நனைக்கும்போது சூடான அல்லது நீர்த்த கரைசலில் வைத்தால் முதல் முறை ஏறிய உப்பும் கரைந்து போய்விடும். ஆகவே இரண்டாம் முறையிலிருந்து, அடியில் கரையாத உப்பு தங்கியிருக்கும் ஆறிய கரைசலில் ஐந்து நிமிடம் மட்டும் வைத்து எடுங்கள். சமையல் உப்பில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் புதுச்சேரி, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் மழை நாளில் அது கசிந்து நனைந்துவிடும். நாட்டு மருந்துக் கடைப் படிகாரமும் ஆகும். 200 மில்லி நன்றாகச் சூடான நீருக்கு 80 கிராம். ஆனால் அது ஆறும்போது பெரிய பெரிய படிகமாக நாரின் வெளியில் தொங்கும். பார்க்க அழகு, நமக்கு வேண்டிய "உள்ளே ஊறுதல்" அதில் மங்கிவிடும். வில்லையைத் தடிமனாக அறுத்தால் நடுவில் ஈரம் தங்கிப் பொள்ளலாக நிற்கும். அப்படி வந்த ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். மையம் பொள்ளலாக, அதன் ஓரத்தில் படிகம் பூத்த கல்மரங்களும் இயற்கையில் உண்டு.

கடைசியாக, நாம் செய்த இந்த மாதிரி வடிவம் எங்கே பொய் சொல்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். முடிந்த வில்லை ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். உப்பு கரைந்து நார் மட்டும் மிஞ்சும். கல்மரம் அப்படிக் கரையாது. நம் வில்லையில் உப்பு படிந்தது நீர் ஆவியானதால். மண்ணுக்கடியில் மரம் காயவே இல்லை, நீருக்குள் இருந்தபடியே சிலிகா செல்சுவரைப் பற்றிக்கொண்டது. மரம் மட்கும்போது வரும் அமிலம் அக்கம்பக்கத்து நீரின் காரத்தன்மையைக் குறைத்து, சிலிகா கரைசலில் நிற்க முடியாமல் செய்ததும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. மாதிரியின் குறையைச் சொல்லாமல் விட்டால், கல்மரம் என்பது உப்பு ஏறிக் காய்ந்த மரம் என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் தங்கிவிடும், அதை மாற்றுவது பிறகு கடினம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் கிளிஞ்சலை அழுத்தி அச்சு எடுக்கும் செயல்பாட்டைப் பல பள்ளிகளில் "புதைபடிவம்" பாடத்துக்குச் செய்கிறார்கள். நல்ல செயல்பாடுதான். ஆனால் அது அச்சும் வார்ப்பும், கல்லாதல் இல்லை. அச்சில் வெளித்தோற்றம் மட்டும் மிஞ்சும், கல்மரத்தில் உள்ளமைப்பே மிஞ்சும். அரியலூர்ப் பக்கத்துச் சிப்பிப் புதைபடிவங்களைப் பார்க்கப் போகும்போது அந்தச் செயல்பாட்டைச் செய்யுங்கள், திருவக்கரைக்கு முன்பு வேண்டாம்.

2 கோடி என்பது பத்து வயதுப் பிள்ளைக்கு வெறும் சத்தம். ஓர் ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர் என்று வையுங்கள். அந்தப் பிள்ளையின் வயது 1 சென்டிமீட்டர், ஒரு விரல் அகலம்கூட இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்த 1010ஆம் ஆண்டு 1 மீட்டர் தள்ளி, கையெட்டும் தூரத்தில் நிற்கும். திருவக்கரை மரம் விழுந்தது 20 கிலோமீட்டருக்கு அப்பால். டைனோசர்கள் அழிந்தது 66 கிலோமீட்டர் தள்ளி. "திருவக்கரையில டைனோசர் இருந்துச்சா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். இந்த அளவுகோல் கையில் இருந்தால், அந்த மரங்கள் முளைப்பதற்கு வெகு முன்பே டைனோசர்கள் போய்விட்டன என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். பேருந்தில் போகும்போதே சாலையோர கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு போகலாம்.

பூங்காவுக்குள் போனதும் நீங்கள் எதுவும் விளக்காமல் அவர்களை வேர் தேடச் சொல்லுங்கள். கிடைக்காது. "ஏன் கிடைக்கவில்லை?" என்பதிலிருந்து வெள்ளத்துக்குப் போங்கள். பிறகு உடைந்த முனை ஒன்றின் முன் எல்லோரையும் உட்காரவைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸைக் கையில் கொடுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்றது, விலை அதிகமில்லை. காவலரிடம் கேட்டுக்கொண்டு முனையில் லேசாகத் தண்ணீர் தெளித்தால், மங்கிக் கிடந்த முகம் சட்டென்று தெளியும். நன்றாகப் பாதுகாக்கப்பட்ட முனையாக இருந்தால் ஊசிமுனை அளவுப் புள்ளிகள், மையத்திலிருந்து கதிர்போல ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். காசித்தும்பைத் தண்டில் பார்த்த சிவப்புப் புள்ளிகளை அந்த இடத்தில் நினைவுபடுத்துங்கள்.

வளையங்களை எண்ணி மரத்தின் வயதைச் சொல்லச் சொல்லாதீர்கள். வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டுக்கு ஒரு வளையம் என்ற ஒழுங்கு இல்லை, இருக்கும் வளையங்களும் தெளிவாக இரா. "ரம்பம் வெச்சு அறுத்தது யாரு?" என்று ஒரு பிள்ளை கேட்கும், ஏனென்றால் பல மரங்கள் துண்டு துண்டாக, நேர் வெட்டாகக் கிடக்கும். யாரும் அறுக்கவில்லை. குவார்ட்ஸ் மரம்போல வளையாது. அடியிலுள்ள நிலம் கொஞ்சம் அசைந்து தாழ்ந்தாலும் நீளமான கல் குறுக்கே விரிசல் விட்டு உடையும். எடையைப் பற்றியும் சொல்லுங்கள். ஒரு செங்கல் அளவுத் தேக்குக் கட்டை சுமார் 1 கிலோ இருக்கும், அதே அளவு கல்மரம் சுமார் 4 கிலோ.

ஊர்க்காரர்கள் இவற்றை வக்கிரகாளியம்மன் கோயில் கதையோடு சேர்த்து, வதம் செய்யப்பட்ட வக்கிராசுரனின் எலும்புகள் என்று சொல்வார்கள். பிள்ளைகளில் யாராவது அதைச் சொன்னால் "அதெல்லாம் சும்மா" என்று வெட்டிவிடாதீர்கள். லென்ஸும் ஆய்வகமும் இல்லாத காலத்தில், இந்தக் கல் மற்றக் கல்லைப் போல இல்லை, ஒரு காலத்தில் உயிருள்ள உடம்பாக இருந்தது என்று அந்த ஊர் கண்டுபிடித்திருக்கிறது. அந்தப் பாதி சரி. எந்த உடம்பு என்ற மீதிப் பாதியைத்தான் உள்ளேயிருக்கும் குழாய்கள் சொல்கின்றன, எலும்பின் உள்ளமைப்பு வேறு மாதிரி இருக்கும்.

ஒரு சில்லுகூட எடுத்து வரக்கூடாது என்பதைப் பேருந்து கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள். அது தேசிய புவியியல் நினைவுச்சின்னம். ஆணியால் கீறிப் பார்ப்பதையும் அங்கே செய்யக்கூடாது. கடினத்தைக் காட்ட வேண்டுமானால் வழியில் கிடக்கும் வெங்கச்சாங்கல் ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்து இரும்பு ஆணியால் கீறுங்கள். கல்லில் கீறல் விழாது, ஆணியின் இரும்புதான் கல்லின் மேல் கறுப்புக் கோடாகத் தேயும். கல்மரமும் அதே பொருள்தான் என்பதால் அந்தச் சோதனை இதற்கும் செல்லும். வெளியே எங்காவது வித்தியாசமான கல்லைக் கண்டெடுத்து "இது புதைபடிவமா?" என்று கொண்டுவருவார்கள். வடிவத்தை மட்டும் பார்த்து ஆமென்று சொல்லாதீர்கள். பெரம்பலூர்ப் பக்கம் உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று நம்பிச் செய்தியே பரவியது, அவை முட்டை இல்லை. முதலில் உடைந்த பக்கத்தை நனைத்து லென்ஸில் பாருங்கள், உள்ளே குழாய்ப் புள்ளிகளோ கதிர்க்கோடுகளோ இருக்கின்றனவா என்று.

காலை வேளையிலேயே போய்விடுங்கள். வெட்டவெளி, பதினோரு மணிக்கு மேல் அந்தக் கற்களைத் தொட முடியாத அளவுக்குச் சுடும்.